யுஎஸ்பி–ஐ2எஸ் போர்டில் இரைச்சல்: 5 வோல்ட்டை மாற்றும் முன் கிரவுண்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். எக்ஸ்மோஸ் எக்ஸ்யூ208 சிப் வைத்த யுஎஸ்பி–ஐ2எஸ் போர்டு ஒன்று (கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஆடியோவை, சிப்புகள் தமக்குள் பேசும் ஐ2எஸ் என்ற டிஜிட்டல் சிக்னலாக மாற்றுவது), அதிலிருந்து இஎஸ்9038க்யூ2எம் டாக் போர்டு (டிஜிட்டலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றுவது), அங்கிருந்து ஆர்சிஏ வயரில் ஆம்ப். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மாட்டினால் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம். கம்ப்யூட்டரிலிருந்து வரும் 5 வோல்ட்தான் காரணம் என்று நினைத்து, யுஎஸ்பி கேபிளின் சிவப்பு வயரை வெட்டிவிட்டுத் தனி அடாப்டர் கொடுத்திருக்கிறீர்கள். சத்தம் அப்படியே இருக்கிறது, கூடவே சில நேரம் கம்ப்யூட்டர் போர்டையே கண்டுகொள்வதில்லை. இனி நல்ல லீனியர் பவர் சப்ளை (ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓடுவது) ஒன்று வாங்கலாமா, எது வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் இரைச்சல் 5 வோல்ட் வழியாக வரவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்: 5 வோல்ட்டை முழுசாக மாற்றியும் சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அது கிரவுண்ட் வழியாக வருகிறது.

எப்படி என்று பாருங்கள். டெஸ்க்டாப்பின் தகரப் பெட்டி மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் இருக்கிறது. உங்கள் ஆம்புக்கும் மூன்று பின் பிளக் என்றால் அதன் பெட்டியும் எர்த்தில். இப்போது யுஎஸ்பி கேபிளின் கறுப்பு வயரும் மேலே சுற்றியிருக்கும் ஷீல்டும் கம்ப்யூட்டரின் கிரவுண்டை போர்டுக்குக் கொண்டுவருகின்றன, அங்கிருந்து டாக், டாக்கிலிருந்து ஆர்சிஏ வயரின் வெளிப்பக்கம், அதிலிருந்து ஆம்ப், ஆம்பிலிருந்து மறுபடி எர்த். ஒரு முழு வளையம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் வேலைக்குத் தக்கபடி கூடவும் குறையவும் மின்சாரம் இழுப்பதால் அந்த கிரவுண்டில் சின்னச் சின்ன வோல்டேஜ் ஆட்டம் எப்போதும் இருக்கும், மவுஸை நகர்த்தினால் திரையை மறுபடி வரைய வேண்டும், ஆட்டம் மாறும், அந்த மாற்றம்தான் காதில் கீச்சென்று விழுகிறது. கணக்கு வேண்டுமானால் இப்படிப் போடலாம்: வளையத்தில் 10 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஆர்சிஏ வயரின் வெளிப்பக்கமும் அதன் இணைப்புகளும் சேர்ந்து 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த வயரின் இரண்டு முனைக்கும் இடையில் 0.5 மில்லி வோல்ட் வரும். ஆம்ப் அதையும் பாட்டென்றே எடுத்துக்கொள்ளும். டாக்கின் முழு வெளியீடு 2 வோல்ட் என்றால் இது அதற்கு 72 டெசிபல் மட்டுமே கீழே. ஒரு சாதாரண 16 பிட் சிடியின் அடித்தள இரைச்சலே 96 டெசிபலுக்குக் கீழே இருக்கும்போது 72 என்பது ரொம்ப மோசம். இதில் 5 வோல்ட் எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் சிவப்பு வயரை வெட்டினீர்கள், கறுப்பு அப்படியே இருக்கிறது, வளையமும் அப்படியே இருக்கிறது.

அதற்காகக் கறுப்பையும் வெட்டிவிடாதீர்கள். சிலர் செய்கிறார்கள். டேட்டா போகும் டி பிளஸ், டி மைனஸ் வயர்கள் இரண்டும் டிஃபரன்ஷியல்தான் (சிக்னல் அவற்றின் வித்தியாசத்தில் இருக்கிறது) என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லாமல் யுஎஸ்பி ஒழுங்காக ஓடாது. ஷீல்ட் வழியாக எப்படியோ கிரவுண்ட் கிடைத்து ஓடினாலும், வளையம் அந்த ஷீல்ட் வழியாகவே மறுபடி முடிந்துவிடும்.

இதைவிட ஆபத்தான இன்னொரு வேலை உண்டு. ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுவது, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு மாட்டுவது. சத்தம் உடனே போய்விடும், உண்மைதான், அதனாலேயே இது பரவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்புக்குள் ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஒருநாள் போய்விட்டால் 230 வோல்ட் நேராகப் பெட்டிக்கு வரும், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும், இல்லையென்றால் வால்யூமைத் திருப்புகிறவரின் கை வழியாகத்தான் அது தரைக்குப் போகும். வீட்டில் குழந்தைகள் தொடும் பொருள் அது. இரைச்சலை வேறு வழியில் சரிசெய்யலாம், இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, முதலில் நான் சொல்வது உண்மையா என்று உங்கள் வீட்டிலேயே சோதியுங்கள். யாரிடமாவது ஒரு லேப்டாப் வாங்கி, சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டி, இதே போர்டு, இதே டாக், இதே ஆம்போடு இணையுங்கள். சத்தம் போய்விட்டால் சந்தேகமே இல்லை, கிரவுண்ட் வளையம்தான். பிறகு சார்ஜரை மாட்டிப் பாருங்கள், திரும்ப வந்தால் இன்னும் உறுதி. இரண்டு பின் சார்ஜர் என்றால் எர்த்தே இல்லையே, எப்படி வரும் என்று தோன்றலாம். அந்த சார்ஜர்களுக்குள் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவில் ஒய் கண்டென்சர் என்று ஒன்று இருக்கும், அதன் வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. உலோக உடல் லேப்டாப்பை வருடினால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதே, அது இதுதான். நீங்கள் வாங்கிய 5 வோல்ட் அடாப்டரும் பெரும்பாலும் இதே வகை, அது தன் பங்குக்கு ஒரு கசிவைச் சேர்த்திருக்கும். இந்தக் கசிவு இருப்பதால்தான் ஆர்சிஏ வயரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டக் கூடாது: நடுப் பின் முதலில் தொட்டு வெளி வளையம் பிறகு தொடும் அந்த நொடியில், கசிவு முழுவதும் டாக்கின் வெளியீடு வழியாகவே பாயும்.

சத்தத்தின் தன்மையும் ஒரு தடயம். யுஎஸ்பி ஹை ஸ்பீடில் 125 மைக்ரோ நொடிக்கு ஒரு பொட்டலம், அதாவது நொடிக்கு 8000. அதனால் மாறாத 8 கிலோஹெர்ட்ஸ் ஊசிச் சத்தம் கேட்டால் அது யுஎஸ்பி வேலையின் நேரடித் தடம். ஃபுல் ஸ்பீடில் ஓடும் பழைய போர்டுகளில் இதே சத்தம் 1 கிலோஹெர்ட்ஸில் வரும். மாறாத 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் மெயின்ஸ் ஹம், 100 ஹெர்ட்ஸ் என்றால் எங்கோ ஒரு ரெக்டிஃபயருக்குப் பின்னால் கண்டென்சர் போதவில்லை. உங்களுடையதுபோல மவுஸோடு சேர்ந்து மாறினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சுமையின் ஆட்டம்.

அடுத்தது, போர்டை ஏன் கண்டுகொள்வதில்லை என்பது. யுஎஸ்பியில் 5 வோல்ட் வெறும் சாப்பாடு மட்டும் இல்லை, கேபிள் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதற்கான அடையாளமும் அதுதான். சொந்த சப்ளையில் ஓடும் கருவி, எதிர்ப்பக்கம் 5 வோல்ட் இல்லாதபோது டி பிளஸ் வயரை மேலே இழுக்கக் கூடாது என்பது யுஎஸ்பி விதி. எக்ஸ்யூ208 சிப்பில் இதைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பின் உண்டு. சிவப்பு வயரை வெட்டியதும் அந்தப் பின்னுக்கு என்ன ஆகிறது என்பது போர்டைப் பொறுத்தது. அது யுஎஸ்பி சாக்கெட்டோடு மட்டும் இணைந்திருந்தால் சிப்பைப் பொறுத்தவரை கேபிளே மாட்டவில்லை, அதனால் பேசவே பேசாது. போர்டின் 5 வோல்ட் தடத்தோடு சேர்ந்திருந்தால் எப்போதுமே கேபிள் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடும்போதோ தூக்கத்திலிருந்து எழுப்பும்போதோ இணைப்பு அறுந்தது அதற்குத் தெரியாமல் பழைய நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு ‘சில நேரம்’ என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, சாக்கெட்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எங்கெல்லாம் பீப் வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளி சப்ளை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சரியான முறை இது: சிவப்பு வயரைத் திரும்ப இணையுங்கள், ஆனால் அது அந்த அடையாளப் பின்னுக்கு மட்டும் போகட்டும், போர்டின் ரெகுலேட்டருக்கு (வோல்டேஜை இறக்கி நிலையாக வைக்கும் சிப்) போகும் தடத்தை ஜம்பர் இருந்தால் கழற்றி, இல்லையென்றால் பிளேடால் கீறிப் பிரித்து, அங்கே வெளி 5 வோல்ட்டைக் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வெளி சப்ளையும் கம்ப்யூட்டரின் 5 வோல்ட்டும் நேராக ஒட்டக் கூடாது. வெளியே 5.1, உள்ளே 4.9 என்றிருந்தால் உங்கள் அடாப்டர் கம்ப்யூட்டரின் போர்ட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளும், கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், மதர்போர்டு கெட்டுப்போகலாம். ஷாட்கி டயோடு ஒன்று போட்டுத் தடுக்கலாம், 1என்5817 மாதிரி. ஆனால் அது 0.3 வோல்ட்டுக்கு மேல் தின்னும். போர்டில் 3.3 வோல்ட்டுக்கு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருந்தால் அதற்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட 1.3 வோல்ட் வரை கூடுதலாக வேண்டும், அதாவது 4.6. கம்ப்யூட்டர் 4.9 கொடுத்து டயோடு 0.3 எடுத்துக்கொண்டால் விளிம்பில் நிற்கிறீர்கள். அடாப்டர் பக்கம் மட்டும் டயோடு போட்டால் கம்ப்யூட்டருக்குள் தள்ளுவது நிற்காது, அதனால் மேலே சொன்னபடி தடத்தைப் பிரிப்பதே சரி.

யுஎஸ்பி 5 வோல்ட் வரும் இடத்தில் 1000 மைக்ரோஃபேரட் கண்டென்சர் வைத்தால் சுத்தமாகும் என்றும் பலர் சொல்வார்கள். யுஎஸ்பி விதிப்படி அந்த இடத்தில் நேரடியாக 10 மைக்ரோஃபேரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய கண்டென்சர் மாட்டிய நொடியில் ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சும், போர்ட் பயந்து தன்னை அணைத்துக்கொள்ளும், அல்லது பக்கத்தில் மாட்டியிருக்கும் கீபோர்டும் மவுஸும் ஒரு நொடி செத்துப் பிழைக்கும்.

இனி என் உண்மையான பரிந்துரைக்கு வருகிறேன். போர்டை கம்ப்யூட்டரின் 5 வோல்ட்டிலேயே ஓட விடுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், இந்தப் போர்டு மட்டும் என்றால் அது தாராளம். சந்தேகம் இருந்தால் நடுவில் ஒரு சின்ன யுஎஸ்பி மீட்டர் வைத்துப் பாருங்கள். டாக்கை மட்டும் இதிலிருந்து ஓட்டாதீர்கள். பிரிக்க வேண்டிய இடம் போர்டுக்கும் டாக்குக்கும் நடுவில்தான். அங்கே கிரவுண்ட் முழுவதுமாக அறுபட்டுவிட்டால் இந்தப் பக்கம் 5 வோல்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. லீனியர் சப்ளைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் பணமும் அப்போது டாக் பக்கத்துக்கு முழுசாகக் கிடைக்கும்.

அறுப்பதற்கு மிக மலிவான வழி ஆப்டிகல். உங்கள் போர்டில் எஸ்பிடிஃப் (டிஜிட்டல் ஆடியோவை ஒரே வயரிலோ ஒளி கேபிளிலோ அனுப்பும் முறை) ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள், எக்ஸ்யூ208 போர்டுகள் பலவற்றில் இருக்கும். இஎஸ்9038க்யூ2எம் சிப்புக்குள்ளேயே எஸ்பிடிஃப் வாங்கும் பகுதி உண்டு, டாக் போர்டிலும் பெரும்பாலும் ஆப்டிகல் சாக்கெட் வைத்திருப்பார்கள். ஒளியில் போவதால் கிரவுண்ட் என்ற பேச்சே இல்லை. 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பி ஓட்டலாம், 192 சில ஜோடிகளில் ஓடும், சிலவற்றில் விட்டுவிட்டு வரும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் மனதாரச் சொல்கிறேன், இதில் எந்தக் குறையும் இல்லை.

ஐ2எஸ்தான் வேண்டும், 384 கிலோஹெர்ட்ஸும் டிஎஸ்டியும் (ஒரு பிட் முறையில் பதிவான பாட்டு வடிவம்) வேண்டும் என்றால் ஐ2எஸ் வயர்களின் நடுவில் டிஜிட்டல் ஐசோலேட்டர் சிப் (கிரவுண்டை இணைக்காமல் சிக்னலை மட்டும் கடத்துவது) வைத்த போர்டு வாங்குங்கள். எஸ்ஐ8660 போன்றவை. ஐசோலேட்டரின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சப்ளை வேண்டும், இந்தப் பக்கம் யுஎஸ்பியிலிருந்து, அந்தப் பக்கம் டாக்கிலிருந்து. இதை மறந்து இரண்டு பக்கத்தையும் ஒரே சப்ளையில் சேர்த்து, ஐசோலேட்டருக்கு அர்த்தமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள், கவனம்.

யுஎஸ்பி கேபிளிலேயே வைக்கும் ஐசோலேட்டர் டப்பாக்களும் கிடைக்கின்றன. மலிவானவற்றில் இருப்பது ஏடியூஎம்3160 அல்லது 4160 சிப், அவை 12 மெகாபிட் ஃபுல் ஸ்பீட் வரைதான். உங்கள் போர்டு 480 மெகாபிட் ஹை ஸ்பீடில் ஓடும் யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 (யுஎஸ்பி ஆடியோ விதியின் இரண்டாம் பதிப்பு) கருவி. ஃபுல் ஸ்பீடில் ஒரு மில்லி நொடிக்கு ஒரு ஆடியோ பொட்டலம், அதன் உச்சம் 1023 பைட். 24 பிட் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப 576 பைட் போதும், 192 என்றால் 1152, அடங்காது. அதனால் இந்த டப்பா வழியாகப் போனால் 96 தான் எல்லை, அதுவும் போர்டின் ஃபர்ம்வேர் கிளாஸ் 1 முறையையும் ஆதரித்தால்தான், இல்லையென்றால் போர்டு தெரியவே தெரியாது. ஹை ஸ்பீடுக்கு ஏடியூஎம்4166, ஐஎஸ்ஓயுஎஸ்பி211 மாதிரி சிப்கள் வந்திருக்கின்றன, அவற்றை வைத்த டப்பா விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும்.

கிளாக் விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டு விற்பவர்கள் இதை வைத்துத்தான் விலையை ஏற்றுகிறார்கள். இந்த போர்டுகள் அசிங்க்ரோனஸ் முறையில் ஓடுபவை, அதாவது நேரத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர் இல்லை, போர்டில் இருக்கும் கிரிஸ்டல்தான். 44.1 குடும்பத்துக்கு 22.5792 அல்லது 45.1584 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 அல்லது 49.152 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு கிரிஸ்டல்கள் இருக்கும். கம்ப்யூட்டரிடம் ‘இன்னும் கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு’ என்று போர்டுதான் சொல்லும். உங்கள் டாக் போர்டிலும் சிப்புக்குப் பக்கத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று தனியாக இருந்தால், இஎஸ்9038க்யூ2எம் அந்தக் கிளாக்கில் ஓடி, வரும் டேட்டாவைத் தனக்குள்ளேயே மறுபடி நேரப்படுத்திக்கொள்கிறது. அப்போது யுஎஸ்பி போர்டின் மாஸ்டர் கிளாக் வயரை இணைக்க வேண்டியதில்லை, பிட் கிளாக், இடது–வலது கிளாக், டேட்டா, கிரவுண்ட் போதும். யுஎஸ்பி போர்டில் விலை உயர்ந்த கிரிஸ்டல் வைத்தும் இந்த அமைப்பில் பெரிதாக எதுவும் மாறாது. கிளாக்கின் நேரத்தில் ஐசோலேட்டர் சேர்க்கும் சின்ன நடுக்கத்துக்கும் இதே பதில்தான். டாக்கில் சொந்தக் கிரிஸ்டல் இல்லாமல் மாஸ்டர் கிளாக்கை வெளியிலிருந்து எதிர்பார்க்கும் சிப் என்றால் கதை வேறு, அங்கே கிரிஸ்டல் டாக் பக்கம் இருந்து, அது ஐசோலேட்டர் வழியாக யுஎஸ்பி போர்டுக்குப் போக வேண்டும், திரும்பி வரும் சிக்னலை டாக் அருகில் ஃபிளிப் ஃப்ளாப் (கிளாக் துடிப்புக்கு ஏற்ப சிக்னலைப் பிடித்து விடும் சின்ன சிப்) வைத்து மறுபடி நேரப்படுத்த வேண்டும். பிசிஎம்5102ஏ போட்ட சின்ன போர்டுகள் வைத்திருப்பவர்கள், மாஸ்டர் கிளாக் கொடுக்கவில்லையென்றால் அதை வாங்கும் எஸ்சிகே பின்னைக் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் சிப் பிட் கிளாக்கிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும்.

ஐ2எஸ் வயர் பற்றி ஒன்றே ஒன்று. ஒரே போர்டுக்குள் சிப்புக்கும் சிப்புக்கும் பேச 1986இல் பிலிப்ஸ் வகுத்தது அது, நீள வயருக்கு இல்லை. 384 கிலோஹெர்ட்ஸில் பிட் கிளாக் 24.576 மெகாஹெர்ட்ஸ். வயர் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும், ஒவ்வொரு சிக்னல் வயரோடும் ஒரு கிரவுண்ட் வயரை முறுக்கிக் கொண்டுபோங்கள், அனுப்பும் முனையில் 33 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், போர்டில் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம். அப்புறம், ஐசோலேட்டர் இல்லாத அமைப்பில் டாக் அணைந்திருக்கும்போது யுஎஸ்பி போர்டு மட்டும் ஓடக் கூடாது. ஐ2எஸ் பின்கள் வழியாக டாக் சிப்புக்குள் கள்ளத்தனமாக மின்சாரம் ஏறும், சிப்பின் பாதுகாப்பு டயோடுகள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

டாக் பக்க சப்ளை. இங்கேதான் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. 5 வோல்ட் தேவைப்படும் பகுதிக்கு 9 வோல்ட் 1 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபயர், 4700 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கண்டென்சர், ஹீட் சிங்க்கோடு ஒரு 7805. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எல்லாமே ஒரே நடையில் கிடைத்துவிடும். 6 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் போதாதா என்றால், போதாது: நம் ஊரில் கோடைகால மாலையில் மெயின்ஸ் 190க்கு இறங்குவது சாதாரணம். அப்போது 6 வோல்ட் 5 ஆகிறது, ரெக்டிஃபயருக்குப் பின் உச்சமே 5.6 வோல்ட், 7805க்குக் குறைந்தது 7 வேண்டும். 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரில் அதே 190இல் உச்சம் 9 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) சுமார் 0.6, அடிமட்டம் 8.4. நிம்மதியாக ஓடும். டாக் போர்டே 15-0-15 ஏசி கேட்டால் அதற்கு அதைக் கொடுங்கள், உள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும்.

எல்டி3045 மாதிரி 0.8 மைக்ரோ வோல்ட் இரைச்சல் உள்ள ரெகுலேட்டருக்குக் காசு செலவழிக்க ஆசையிருந்தால் ஒரே இடத்தில் செலவழியுங்கள்: இஎஸ்9038க்யூ2எம் சிப்பின் அனலாக் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் ஏவிசிசி பின். அந்த சிப்பின் வெளியீடு ஏவிசிசியை அளவுகோலாக வைத்தே உருவாகிறது, அதில் இருக்கும் இரைச்சல் நேராகப் பாட்டில் வரும். இதே ரெகுலேட்டரை யுஎஸ்பி போர்டின் 5 வோல்ட்டில் போட்டு, கிரவுண்டை அப்படியே விட்டால் காசுதான் போகும்.

பவர் பேங்க் வைக்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். எர்த்தோடு தொடர்பில்லை என்பதால் கசிவு வராது, அது நல்லது. ஆனால் உள்ளே 3.7 வோல்ட்டை 5 ஆக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது, அதன் இரைச்சல் தனி, குறைந்த மின்சாரம் இழுத்தால் சில பவர் பேங்க்குகள் தானாகவே அணைந்துவிடும். சோதனைக்கு நல்லது, நிரந்தரத்துக்கு வேண்டாம். யுஎஸ்பி கிரவுண்ட் அதே இடத்தில் இருக்கும்வரை அதுவும் உங்கள் கீச்சை நிறுத்தாது.

டிரைவர் பக்கம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து கிளாஸ் 2 டிரைவர் உள்ளேயே வருகிறது, லினக்ஸும் மேக்கும் அதற்கு முன்பிருந்தே. ஏசியோ (விண்டோஸின் ஒலிக் கலவையைத் தவிர்த்து நேராகக் கருவிக்கு அனுப்பும் முறை) வேண்டும் என்றால் மட்டும் போர்டோடு வந்த டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிய கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல கேபிள் ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டரையும் ஆம்பையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போட்டு ஒருமுறை கேளுங்கள். சத்தம் ஓரளவு அதிலேயே குறையலாம். பிறகு பேட்டரி லேப்டாப் சோதனையின் முடிவையும், சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் ஏசியில் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டொரு வோல்ட்டுக்கு மேல் பெரிதாகக் காட்டினால் போர்டை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அளக்கும்போது புரோபின் உலோக முனையைத் தொடாமல், லைன் பக்கம் போகாமல், பழக்கமில்லையென்றால் தெரிந்தவரை வைத்துக்கொண்டு அளங்கள். டாக் போர்டின் இரண்டு பக்கப் படங்களும் அனுப்புங்கள், 100 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறதா, ஆப்டிகல் சாக்கெட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.